மூன்றாவது வரிக்குச் சத்தியம்

மார்ச் 6, திங்கள்

காலை முதல் மழை. ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் சப்பாத்து இரண்டிலும் தண்ணீர்.

செய்ய வேண்டியவை: குடைக்கம்பி பழுது. வீட்டுக்காரி செல்லத்துக்குத் தலைவலித் தைலம். வாசகசாலைப் பீரோ சாவியைப் புதுக் காரியதரிசியிடம் ஒப்படைப்பது. (மனசு வரவில்லை.)

எட்டு வருஷம் நற்றுணை வாசகசாலையின் காரியதரிசி நான். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததுகூட நான்தான். போன வாரத் தேர்தலில் தலைவர் யார்? சிவக்கொழுந்து. கிள்ளானிலிருந்து மாற்றலாகி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. இரண்டே ஓட்டு வித்தியாசம். தோற்ற எனக்கு உபதலைவர் பதவி, ஆறுதலுக்கு.

பொறாமைதான். வெளியே சொன்னால் வெட்கம். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அவன் தொப்பியைக் கண்டாலே வயிறு எரிகிறது.

மாலை வாசகசாலையில் பத்திரிகை. அமெரிக்காவில் புது ஜனாதிபதி பிரமாணம் எடுத்த செய்தி. டிக்கெட் பரிசோதகர் தங்கையா உரக்கப் படித்தார். உடனே எல்லோருக்கும் ஆசை. போன தலைவர் மாலை வாங்கிய பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லையே! ஆகவே வரும் ஞாயிறு பதவியேற்பு, பிரமாணத்தோடு. வாசகம் எழுதும் வேலை என் தலையில்.

"எழுத்துன்னா நீங்கதான் அண்ணே" என்றான் சிவக்கொழுந்து. (இனி வெறும் சி. போதும்.) அவன் புகழ்ந்தால் இன்னும் எரிகிறது.

மார்ச் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். குடை இன்னும் பழுது பார்க்கவில்லை.

எதன்மேல் சத்தியம் என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். வலது கையைத் தூக்கினால் போதும் என்றான் சி. ரயில் பாதை ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி ஒப்பவில்லை. கமிட்டியில் அவர்தான் மூத்தவர்.

"கையத் தூக்குறது யாருக்கும் வரும் லா. சூடத்த ஏத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். அப்பத்தான் பொய் சொல்ல பயம் இருக்கும்."

கற்பூரம் முடிவாயிற்று.

வாசகம் எழுதியாயிற்று. நான்கு வரி.

1. வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வருவேன்.
2. சங்கத்தின் புத்தகங்களைக் காப்பேன்.
3. இந்தப் பதவிக்காக நான் யார் வீட்டுக்கும் போய் ஓட்டுக் கேட்கவில்லை.
4. பதவி முடிந்ததும் முகம் சுளிக்காமல் இறங்குவேன்.

மூன்றாவது வரி சி.க்காகவே. சீனப் பெருநாள் ஆரஞ்சுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு ஏறி இறங்கினானே. கற்பூரத்தின் முன்னால் என்ன செய்கிறான் பார்ப்போம். இரவுச் சாப்பாடு ருசியாக இருந்தது.

மார்ச் 9, வியாழன்

அதே பத்திரிகையை மறுபடி படித்தேன். அங்கே முதலில் பிரமாணம் எடுத்தவர் உபதலைவர்! ஜனாதிபதி அப்புறம்தான்.

கமிட்டியில் பத்திரிகையை விரித்துக் காட்டினேன். "அமெரிக்காவிலேயே அப்படித்தான்." எல்லோரும் தலையாட்டினார்கள். சி. சிரித்தான். "அண்ணேதான் முதல்ல எடுக்கணும். அதுதான் அழகு."

எப்படியும் ஐந்து நிமிஷம் பதவியில் இருப்பவன் நான் ஒருவன்தான். நடவடிக்கைப் புத்தகத்தில் என் பெயர் மேலே, அவன் பெயர் கீழே. போதும்.

கோட்டு சலவைக்கு.

மார்ச் 11, சனி

வாசகத்தை நல்ல தாளில் பெரிய எழுத்தில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

இரண்டு பேருக்கும் ஒரே வாசகம். முதலில் படிக்கப்போவது நான்.

நானும் போனேனே. மூன்று வீடு. செல்லம் முறுக்கு டப்பாவோடு முன்னே, நான் பின்னே. முதல் வீடே தங்கையா வீடு. இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? அவனை மாட்டிவைக்கிற அவசரத்தில் என் காலை மறந்துவிட்டேன்.

மண்டோர் வீட்டுக்கு ஓடினேன். மூன்றாவது வரி கொஞ்சம் கடுமை, எடுத்துவிடலாமா என்றேன்.

"அந்த வரிதான்யா உயிரே. எடுக்காதீங்க."

ஒரு சமாதானம்: கேட்டது செல்லம். நான் வாசலில் ரம்புத்தான் மரத்தடியில் நின்றேன். அவ்வளவுதான். (தங்கையாவிடம் மட்டும், "பார்த்துச் செய்யுங்க" என்றேன்.)

மார்ச் 12, ஞாயிறு

நல்ல வெயில். வாசகசாலை நிரம்பி வெளியிலும் ஆட்கள். பெண்கள் பக்கம் செல்லம், அரக்குச் சேலை.

மண்டோர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். மூன்றாவது வரி. சொல்லிவிட்டேன். தங்கையா கூரையைப் பார்த்தார். கற்பூரத்தில் அடித்தேன், அணையவில்லை. மறுபடி அடித்தேன். உள்ளங்கை வெந்தது. மாலை, கைதட்டல்.

பிறகு அவன். இரண்டு வரி சொன்னான். மூன்றாவதில் நிறுத்தினான்.

"இது என்னால முடியாதுங்க. நான் ரெண்டு வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சு குடுத்து ஓட்டுக் கேட்டேன். சூடத்து முன்னால பொய் சொல்ல மாட்டேன். அண்ணேதான் முழுசா சத்தியம் பண்ணிட்டாரு. தலைவர் பதவி அவருக்கே போகட்டும்."

எல்லாக் கண்ணும் என்மேல். எட்டு வருஷம் ஆசைப்பட்டது, ஒரு கை தூரத்தில். "என்னய்யா சொல்றீங்க?" என்றார் மண்டோர்.

செல்லத்தைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தாள்.

"அவரே இருக்கட்டும்" என்றேன். நானும் போனேன் என்கிற இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை.

எனக்கு அவனைவிடப் பெரிய கைதட்டல். பெருந்தன்மையாம். சி. என்னைக் கட்டிக்கொண்டான். அவன் உண்மையைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொப்பி, ஓட்டு எல்லாம் போகட்டும். அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

வீட்டில் செல்லம் கைக்கு வெண்ணெய் தடவினாள். "மூணு வீட்டுக்கும் நானும்தானே வந்தேன்" என்றாள்.

மார்ச் 13, திங்கள்

தூறல். குடை பழுது ஆயிற்று. பேனா பிடித்தால் உள்ளங்கை எரிகிறது, ஆபீஸில் இடது கையால் முத்திரை குத்தினேன்.

மாலை வாசகசாலை. பிரமாணத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான் சி. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்தில்: "இதை உபதலைவர் மட்டுமே கூறினார்." மரியாதைக்காகத்தான் எழுதியிருக்கிறான். அதில் சந்தேகம் இல்லை.

அதன் கீழே உட்கார்ந்திருந்தார் தங்கையா. பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"முறுக்கு நல்லா இருந்துச்சுன்னு வீட்ல சொல்லுங்க அண்ணே."