மதகு நிரலை நீக்கிய ‘ஆம்’

வானம் வழங்குக, ஏரிகள் தளும்புக, கரைகள் காக்க. ஏழேரி நாடாளும் வேந்தர் வெண்குடையாரின் திருவாணைப்படி, பொறித்துறை அமைச்சன் பெருஞ்சாத்தன், எல்லைக்கோட்டைத் தலைவர் எயினக்கோனார்க்கு வரையும் ஓலை. நும் கோட்டையும் குடியும் நலம் பெறுக.

தூதன் இளைப்பாறுமுன் இதைப் படிப்பீராக. அரண்மனைக் கணிப்பொறியின் காப்பாளர் கொற்றியை, ஏரி மதகை இயக்கும் நிரலை வேண்டுமென்றே அழித்தாள் எனப் பழி சாட்டி, நாடுகடத்த நும்மிடம் அனுப்பியவன் நானே. விடிந்ததும் அவளை எல்லையாற்றுப் படகில் ஏற்றுவீர். ஏற்றாதீர். அழித்தவள் அவள் அல்லள்.

அப்பொறி, யுனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் வழிவந்த ஒன்றில் ஓடுவது. நிரல்களைப் பொதி பொதியாய் வரவழைத்து நிறுவவும், ஒத்துவராதவற்றை நீக்கவும் அதில் பொதி மேலாளர் என்றொரு நிரல் உண்டு. எதையும் நீக்குமுன், நீக்கலாமா என்று அது கேட்கும். நம் நாட்டிலோ முத்திரையிட்ட ஆணையைத் திருப்பிக் கேட்பது குற்றம். ஆளே கேட்கக்கூடாத இடத்தில் பொறி கேட்பதாவது என்று அவையோர் முகம் சுளித்தனர். எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே ‘ஆம்’ என்று பதித்துவைக்கச் சொன்னேன். வேண்டாம் ஐயா, அது நம்மை எதிர்த்துப் பேசவில்லை, நமக்காகத்தான் கேட்கிறது என்று கொற்றி மன்றாடினாள். சொன்னதைச் செய் என்றேன். செய்தாள்.

பின்னர் தெப்பவிழா வந்தது. விளக்குகள் தாளத்துக்கு ஏற்ப மின்ன, ஒரு நிரலை நிறுவ நானே ஆணையிட்டேன். அதற்குப் பழைய நாட்காட்டிப் பொதி வேண்டும். மதகு நிரலுக்கோ புதியது வேண்டும். இரண்டும் ஒருங்கே இருக்க இயலாது. பொதி மேலாளர் புதியதையும், அதை நம்பியிருந்த மதகு நிரலையும் நீக்க முனைந்து, வழக்கம்போல் கேட்டும் இருக்கிறது. என் ‘ஆம்’ விடை சொல்லிவிட்டது. விளக்குகள் என்னவோ அழகாகத்தான் எரிந்தன. மறுநாள் மழையில் மதகு திறக்கவில்லை; கரை உடைந்து கீழைவயல் முழுதும் மூழ்கியது.

இன்று, விளக்கு நிரலால் கேடில்லை என்று காட்டி அவள் குற்றத்தை அவைக்கு மெய்ப்பிக்கவென்றே, அதே நிரல்கள் கொண்ட வேறொரு பொறியில் அந்த ‘ஆம்’ பதிவை எடுத்துவிட்டு, விளக்கு நிரலை நிறுவும் அதே ஆணையை இட்டேன். மதகு நிரல் நீக்கப்படும், தொடரலாமா என்று திரையில் எழுந்தது.

வேந்தரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். எனக்குரிய தண்டனையை அவர் விதிப்பார். கீழைவயலார் முகத்தில் விழிக்கும் தண்டனையை நானே ஏற்றுக்கொண்டேன்.

ஆகவே ஆணை. கொற்றியின் விலங்கைக் களைந்து, உண்ணக் கொடுத்து, இவ்வோலையுடன் வரும் என் தேரிலேயே திருப்பியனுப்புக. மேற்கே வானம் மீண்டும் கருத்து நிற்கிறது. மதகு நிரலை நிறுவ அவள் வரவேண்டும். பொறியைத் தொட என் கை அஞ்சுகிறது.

என் ஓலைகள் எல்லாம் ‘மறுகேள்வியின்றிச் செய்க’ என்று முடியும். நீர் அறிவீர். அவளை அனுப்பிய ஓலையும் அப்படித்தான் முடிந்தது, நீரும் கேட்கவில்லை. இதில் அத்தொடர் இல்லை. ஐயமிருப்பின் கேட்டனுப்புக.

விலங்கை அவிழ்த்தபின் கேளும்.

ஏழேரி முத்திரை இட்டு,
பெருஞ்சாத்தன்.