போளூரில் நீ வாங்கி வந்த கையெழுத்து

இன்று காலை மாடியில் சோலார் பேனல்களைச் சோதிக்க வந்தவர் பழைய காகிதங்களைக் கேட்டார். பீரோவிலிருந்து உன் பச்சை ஃபைலை எடுத்தேன். பூச்சி வராமலிருக்க நீ போட்டு வைத்த வேப்பிலையின் காய்ந்த வாசம் வந்தது. விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் உன் எழுத்து: "அவரு அண்ணன் கையெழுத்து, நானே போறேன்." வந்தவர் மேலே காத்திருக்க, நான் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மொட்டைமாடியின் சூடு பகல் முழுக்கத் தறி அறைக்குள் இறங்கும். பட்டில் வியர்வைக் கறை படக்கூடாதென்று துடைத்துத் துடைத்து நெய்வேன். வாங்கிய கூலரைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து பழைய புடவையால் மூடி வைத்திருந்தோம். சோலார் போட அரசு மானியம் தருகிறது என்று நீதான் விசாரித்து வந்தாய். ஆனால் மீட்டர் இன்னும் அப்பா பெயரில் இருந்தது. வாரிசுகள் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் மாறும் என்றார்கள். வாரிசு நானும் அண்ணனும். அப்பாவின் காரியத்தன்று "நீ அவர சரியா பாத்துக்கல" என்று எல்லோர் முன்னாலும் அண்ணன் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. எட்டு வருஷம்.

"மானியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவரு வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்றேன்.

"இப்படியே வெந்துகினு கெடக்கப் போறீங்களா? நீங்க வர வேணாங்க. நான் போய்ட்டு வரேன்."

மறுநாள் காலை போளூர் பஸ் ஏறினாய். அன்று முழுக்க என் கை தறியில் ஓடவில்லை. சாயங்காலம் கையெழுத்தோடு திரும்பினாய். என்ன கேட்டார் என்றேன்.

"காகிதத்தப் படிக்கவே இல்லங்க. 'காத்தால எழுந்தா இருமுவானே, இன்னும் இருமிகினு கீறானா?'ன்னு கேட்டாரு."

நான் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேனல் ஏற்றிய அன்று அண்ணனையும் நீ வரச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. வேலைக்கு ஓர் ஆள் குறைந்தது. "மாமா, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. ஏங்க, நீங்க இந்தப் பக்கம்" என்றாய். இருவரும் தூக்கினோம். பாதிப் படியில் அண்ணன், "பாத்துடா, கால் வழுக்கும்" என்றார். நான் "ம்" என்றேன். நீ கீழே நின்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாய்.

கூலர் முன்னால் தலைமுடியை விரித்துப் போட்டுப் படுத்து, "ஊட்டிக்கு வந்த மாதிரி கீதுங்க" என்பாய். ஒரு மாதம்தான். பங்குனியில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் உன்னை வைத்த குளிர்பெட்டிக்கு அண்ணன்தான் ஒயர் இழுத்து மாட்டினார். வெளியே வெயில் கொளுத்தியது. நம் கூரையிலிருந்து வந்த கரண்டில் பெட்டி குளிர்ந்துகொண்டிருந்தது. இதற்கா அத்தனை அலைந்தாய் என்று உன்னைக் கேட்கத் தோன்றியது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு போளூர் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, இத்தனை நாள் மனசில் கிடந்ததை அண்ணனிடம் கேட்டேன். "அன்னிக்கி வந்து உன் கிட்ட அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலடா. 'அவருக்கு உங்களப் பாக்கணும்னு ஆசைங்க மாமா, கூச்சப்பட்டுகினு கீறாரு. அதான் நான் வந்தேன்'னு சொல்லிச்சு."

என் பிடிவாதத்தை அந்த வீட்டு வாசலில் நீ கூச்சம் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறாய். நீ சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது. அதனால் இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறேன்.