படகு கிளம்பும் முன் ஒரு காபி

சனி, இரவு

இத்தனை கீரை தின்றும் எனக்கு ரத்தம் ஏறாத காரணம் இன்றுதான் தெரிந்தது.

"தைராய்டு கொறஞ்சா எலும்பு மஜ்ஜையில இருக்குற ஸ்டெம் செல்லுங்களும் மந்தமாயிடும், அப்புறம் ரத்தம் எப்படி ஊறும்? தைராய்டு மாத்திரையக் காபியோடயா போடுவீங்க? அப்படிப் போட்டா உடம்புல ஒட்டாது. வெறும் வயித்துல போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி" என்று தலத்தெரு டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

விடியுமுன் படகுக்குப் போகும் என் வீட்டுக்காரரோடு குடிக்கும் அந்தக் காபி நேரத்தில்தான் எங்களுக்குப் பேச்சு. திரும்பி வந்தால் ஏலம், வலை, தூக்கம்.

படுக்கும்போது டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப நானே போட்டுக் குடிச்சிட்டுப் போறேன். நீ தூங்கு."

அன்பாகத்தான் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குறட்டை.

அடுப்படியில் எப்போதும்போல இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன்.