சாப்பாட்டு மேசையில் பேசாதது

நாள் 206, காலை 8.10
செவ்வாய்த் தளம், பசுமைக்குடில். பதிவு: வளர்மதி, தாவரவியல்.
வெளியே புழுதிப்புயல், சூரியத் தகடுகள் மூடிக் கிடக்கின்றன. பொறியாளர் சவரிமுத்து உள்பேசியில் அழைத்தார். "மேடம், கரண்டு பத்தல. உங்க கீரை விளக்கைக் கொஞ்சம் கொறைக்கலாமா?" "என் செடிங்க மேல கை வைக்காதீங்க சார்," என்றேன். வேறு எங்கோ குறைத்துக்கொண்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஓய்வறையிலிருந்த என் படுக்கையையும் இங்கேயே போட்டுக்கொண்டேன். அவர் குறட்டைக்குச் செவ்வாய் போதாது.

நாள் 213, பகல் 1.30
ஒரே வாரத்தில் கீரை இரு மடங்கு! என் கைராசி என்றே எழுதிக்கொள்கிறேன்.
மதியச் சாப்பாட்டில் மருத்துவர் ஹம்சவேணி நெற்றியைத் தேய்த்தபடியே இருந்தார். சவரிமுத்து மோட்டார் பற்றி ஏதோ ஆரம்பித்தார். மேசையில் வேலைப் பேச்சு கூடாது என்று நினைவூட்டினேன். போன மாதச் சண்டைக்குப் பின் நான் போட்ட விதி அது. அவரவர் வேலை அவரவர் குறிப்பேட்டில். மூவரும் படிக்கும் பொதுப் பக்கம் அன்றிலிருந்து காலி.

நாள் 215, மாலை 4.20
இருவரும் ஓய்வறையில் மயங்கிக் கிடக்கிறார்கள். நாடி இருக்கிறது. பசுமைக்குடிலுக்கு இழுத்து வந்தேன். பூமிக்குச் செய்தி அனுப்பிவிட்டு அவர்களுடைய குறிப்பேடுகளைத் திறந்தேன்.
சவரிமுத்து: "ஓய்வறைக் காற்றைச் சுத்தம் செய்யும் மோட்டாரைப் பாதியாகக் குறைத்தேன்."
ஹம்சவேணி: "எங்கள் இருவருக்கும் ஓயாத தலைவலி. மனச்சோர்வாக இருக்கலாம். தூக்க மாத்திரை."
நான்: "கீரை இரு மடங்கு."
கரியமில வாயு கூடினால் செடி செழிக்கும், மனிதருக்குத் தலை வலிக்கும். செடிகளுக்கு நடுவே படுத்த நான் மட்டும் தப்பித்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பாடம் இது. பாவி நான், கைராசி என்று எழுதினேன்.

மாலை 5.05
பூமியிலிருந்து: "வளர்மதி, மோட்டார் இணைப்பை சவரிமுத்து மாத்தியிருக்கார், எப்படி ஏத்தணும்னு அவருக்குத்தான் தெரியும். மயங்கினவங்களுக்கு ஆக்சிஜன் எவ்வளவு வைக்கணும்னு நேர்ல பாத்து ஹம்சவேணிதான் சொல்லணும். எப்படியாவது எழுப்பப் பாருங்க."
எழுப்பினேன். கத்தினேன். கன்னத்தில் அடித்தேன். சவரிமுத்து சார், இதோ விளக்கை அணைக்கிறேன், மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை 5.30
மோட்டாரை ஏற்றப் போய், தெரியாமல் எதையோ திருப்பிவிட்டேன். மோட்டார் ஒருமுறை உறுமி நின்றது. விளக்கும் திரும்ப எரியவில்லை. இருட்டில் செடியும் நம்மைப் போல மூச்சுதான் விடும். நமக்குக் காற்று தராது. இது என் துறை, எனக்கு நன்றாகத் தெரியும்.

பொதுப் பக்கம், மாலை 6.
ஹம்சவேணி, சவரிமுத்து சார், எனக்கும் தலை வலிக்கிறது. வலது பக்கம். அரை மணி நேரமாக. யாராவது படித்தால் உடனே