பழைய பாட்டில் முதலில்

அடி என் மலரு,

இந்த வருஷமும் நாவல்பழம் வந்துவிட்டது. தண்டலம் ரோட்டோரம் கூறு கட்டி விற்கிறார்கள். நீ இல்லையென்று மரத்துக்குத் தெரியுமா என்ன?

நானே ஜாம் கிண்டினேன். சிரிக்காதே. நீ செய்கிற மாதிரியே நாவல், களாப்பழம், புளிப்புக்கு நார் உரித்த புளிச்சக்கீரைத் தண்டு. கொட்டை எடுத்து முடிப்பதற்குள் இரண்டு கையும் ஊதாவாகிவிட்டது. மறுநாள் கம்பெனி லைனில் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, யாரையாச்சும் கொன்னுட்டு வந்தியா?" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அடுப்படியில் கிண்டிக்கொண்டே கேட்டாய். "மாமா, உடம்பு ஒரு மாரி கீது. டாக்டராண்ட போலாமா?"

நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நின்னுக்கினு ஜாம் கிண்டுறியே, அப்புறம் இன்னா உனக்கு? நாளைக்கு ஷிஃப்ட் முடிச்சிட்டு போலாம்."

நீ ஜாமைப் பாட்டிலில் ஊற்றி, வழக்கம்போலத் தேதி எழுதி ஒட்டினாய். மறுநாள் நீ வேலை பார்த்த ஸ்டோர்ஸிலேயே மயங்கி விழுந்தாய். புதன்கிழமை ஆம்புலன்ஸில் உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள்.

அந்தப் பாட்டில் ஒரு வருஷமாக ஃபிரிட்ஜிலேயே இருந்தது. எனக்குத் தின்னவும் மனசு வரவில்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. நம்ம யாழினி வேறு ரொட்டிக்கு ஜாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அதில் கைவைத்துவிடக் கூடாதே என்றுதான் புதுசு கிண்டி முன்னால் வைத்தேன்.

இப்போதெல்லாம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள்தான் எனக்கு டப்பா கட்டுகிறாள். போன செவ்வாய்க்கிழமை கேன்டீனில் திறந்தால் ரொட்டியும் ஜாமும். இரண்டாவது வாயில் சுக்கு மணத்தது. நான் சுக்குப் போட மறந்திருந்தேன் மலரு. அது உன் ஜாம். அத்தனை பேர் நடுவில் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "யாரக் கேட்டு அத்தத் தொட்ட?" கையைக்கூட ஓங்கிவிட்டேன். பாவி நான்.

பத்து வயசுக்காரி நகரவே இல்லை. "பழசுதான் முதல்ல போணும்னு அம்மா எப்பவும் சொல்லும். நீதான் புதுச முன்னாடி வெச்சிக்கீற. தேதியும் ஒட்டல."

ஸ்டோர்ஸில் நீ கற்ற சட்டம். மிளகாய்த்தூள் டப்பாவைக்கூட நீ தேதி ஒட்டாமல் விட்டதில்லையே.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா செஞ்சத நீ துன்னவே இல்லியேப்பா. கெட்டுப்பூடும்னுதான் வெச்சேன்."

ஓங்கிய கையாலேயே அவளை இழுத்து அணைத்தேன். உடம்பு சுட்டது. "எப்பலேர்ந்து பாப்பா?" என்றேன்.

"காலைலேர்ந்து. ஒன்னுமில்லப்பா, நின்னுக்கினுதானே கீறேன்."

ஐயோ மலரு. அன்றைக்கு அவளும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறாள். கேட்டிருக்கிறாள். நான் சொன்னதை மனசில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

செருப்புகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாளில் இறங்கிவிட்டது. அதுவரை நான் கண்ணை மூடவில்லை. உனக்காக ஒருநாள்கூட நான் இப்படி ஓடியதில்லை. அதை எங்கே போய்ச் சொல்ல?

உன் பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் தின்று தீர்த்துவிடுகிறோம். தேதி ஒட்டிய அந்தக் காகிதத்தை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இனி இந்த வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்று சொன்னால், நிற்கிறாளா, நடக்கிறாளா என்று பார்க்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அன்றைக்குத் தலை நிமிர்ந்து பார்க்காத,
உன் மாமா