நான் வெட்டி எடுத்த துண்டு

வண்டேகேயா, கம்பாலா
14 நவம்பர் 2012

எடின்பரோவில் குளிரைப் போர்த்திக்கொண்டிருக்கும் என் தங்கை மகள் நந்தோங்கோவுக்கு, உன் மாமா புசூல்வா எழுதுவது. நீயும் உன் இரண்டு பூனைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் இன்னும் எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறாள். என் முழங்கால் மட்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

வெட்டுக்கிளிக் காலம் தொடங்கிவிட்டது. முந்தாநாள் நான் ஒருவனே மூன்று மூட்டை பிடித்தேன். ஒரு மூட்டைதான் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே. வறுத்து ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன். ஆய்வுக் கூடத்து அலுவலகத்தில் இருக்கிறாளே நாமுலி, அவளுடைய தம்பி நாளை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறான். டப்பாவையும் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். டப்பாவைத் திறப்பதற்கு முன் கடிதத்தைப் படித்துவிடு.

போன வாரம் இரண்டு முறை உனக்குத் தொலைபேசியில் பேசினேன் அல்லவா? இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். மழையைப் பற்றிச் சொல்ல நான் கூப்பிடவில்லை.

வெட்டுக்கிளிகளின் சிறகை ஆய்ந்துகொண்டிருந்தபோது நம் பழைய ஆய்வுக் கூடத்தின் நினைவு வந்தது. பலாமரத்தடியில் நீ, நான், உன்னோடு ஆராய்ச்சி செய்த முக்கீபி, நடுவில் ஒரு தட்டு வெட்டுக்கிளி. உள்ளே, உன் மாதிரிகளைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்ட மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கூழ்ப்பலகை. ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பாய். அதற்குள் தட்டு முடிந்துவிடும். தினமும் போர்ட் பெல்லில் மீன் கம்பெனிக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தது யார்? நான். வாழைச்சருகில் சுற்றி, வேனில் மடியில் வைத்து, ஒரு கட்டிகூடக் கரையாமல் கொண்டு வந்திருக்கிறேன். சரி, பாதி கரையும். உன் ஆராய்ச்சி முழுவதும் திலாப்பியா வாடை அடிக்குது என்று முக்கீபி கேலி செய்வான். "உன் மூளைய விட இது தேவலாம்" என்று நீ திருப்பிக் கொடுப்பாய்.

ஒரு பெட்டி கையுறை வந்தால் ஒரு வருடம் ஓட்ட வேண்டும். அதனால் துவைத்துக் கொடியில் காயப்போடுவேன். ஐந்து விரலும் தொங்கிக்கொண்டு வெள்ளை வௌவால்கள் மாதிரி ஆடும்.

நான் ஆறாவதோடு பள்ளியை விட்டு, கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவன். ஆனாலும் நீ சொன்ன விஷயத்தை இந்தப் பல்கலைக்கழக மலையில் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. டாக்ஸி நிலையத்தில் கேட்டுப் பார். மரபணுவிலிருந்து ஒரு நீளமான சேதி நகலெடுக்கப்படுகிறது, அதன் பேர் ஆர்.என்.ஏ. செல் அந்தச் சேதியை அப்படியே வாசிப்பதில்லை. சில துண்டுகளை வெட்டி எறிந்து, மீதியை ஒட்டி, பிறகுதான் வாசிக்கிறது. இதயம் ஒரு துண்டை வைத்துக்கொள்கிறது. மூளை அதே துண்டை எறிந்துவிடுகிறது. ஒரே சேதியிலிருந்து இரண்டு புரதம். "மாமா, நீங்க சர்ச்சுல சொல்ற கதையும் சாராயக்கடையில சொல்ற கதையும் ஒண்ணுதானே, ஆனா எங்க வெட்டுவீங்க, எங்க ஒட்டுவீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்? அப்படித்தான்" என்று சொல்லிக்கொடுத்தாய். அன்றைக்குப் புரிந்தது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அந்தச் சின்னத் துண்டு செய்யும் வேலையையும் சொன்னாய். புரதம் என்றால் ஒழுங்காக மடிந்து பூட்டும் சாவியும் மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் பெரியவர்கள் எல்லோரும் நினைத்தார்களாம். நீ ஆராய்ந்த புரதத்துக்கோ அந்தத் துண்டால் ஒரு வால் முளைக்கும். அதற்கு உருவமே கிடையாது, நனைந்த கயிறு மாதிரி அலையும். வேறொரு புரதம் பக்கத்தில் வந்தால்தான் அதைப் பிடித்து ஓர் உருவத்துக்கு வரும். வால் இருந்தால் பத்துப் பேரோடு சேரும், வால் இல்லாவிட்டால் தனியாகக் கிடக்கும். "அப்ப அது சோம்பேறி வால் இல்லையா?" என்று கேட்டேன். "அதுதான் மாமா ஊரோட ஒட்டி வாழுது" என்றான் முக்கீபி. அவன்தான் சொன்னான், நீ இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது விருந்தாளிகள் வந்த கதைக்கு வருகிறேன். இதை நான் நூறு முறை சொல்லிக் கேட்டிருப்பாய். மூன்று அமைச்சர்கள் வந்தார்கள், பேராசிரியர் ஊரில் இல்லை, நீ நூலகத்துக்குப் போயிருந்தாய், நான் பேராசிரியரின் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்டினேன். உன் ஆர்.என்.ஏ. இருந்த சின்னக் குழாயைத் தூக்கிப் பிடித்து, "இதயத்தை இதயமாக இருக்கச் சொல்லும் சேதி இதுதான்" என்றேன். ஓர் அமைச்சரின் மனைவி அழுதுவிட்டாள்.

அமைச்சர் ஒருவரும் வரவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகளும் அவர்களுடைய ஓட்டுநரும் வந்தார்கள். யாரும் அழவில்லை. அங்கி மட்டும் உண்மை.

இந்தக் கதையில் நான் எப்போதும் வெட்டிவிடுகிற துண்டு ஒன்று இருக்கிறது. பதினாறு வருடமாக வெட்டுகிறேன். "இதுல ஒண்ணுமே தெரியலையே, தண்ணிதானே?" என்று கேட்டான் அந்த ஓட்டுநர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கையுறைகள் கொடியில் ஈரமாக இருந்தன. வெறும் கையால் ஐஸிலிருந்து உன் குழாயை எடுத்து, மூடியைத் திறந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு கவிழ்த்து, நெய்ப்பதம் பார்ப்பது மாதிரி தேய்த்துக் காட்டினேன். வழவழப்பு தெரியுதா என்று கேட்டேன். அவன் தெரிகிறது என்றான். அது இதயம், இது மூளை என்று ஆறு குழாயையும் திறந்தேன். ஆறிலும் விரல் பட்டது. விரல் பட்டாலே சேதி செத்துவிடும் என்று கதவில் உன் கையெழுத்தில் ஒட்டியிருந்ததே, அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் செய்தேன்.

அவர்கள் போகும்போது முக்கீபி உள்ளே வந்தான். கடைசிக் குழாயை நான் மூடுவதைப் பார்த்துவிட்டான். முந்தின மாதம்தான் பேராசிரியர் என்னை அழைத்து, இன்னொரு தப்பு செய்தால் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார். என் பிள்ளைகள் நாலு பேரும் அப்போது பள்ளியில். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, அங்கியக் கழட்டி மாட்டிட்டு ஐஸுக்குப் போங்க."

அன்று மதியம் கூழ்ப்பலகையில் பளிச்சென்று நிற்க வேண்டிய இரண்டு கோடுகளும் இல்லை. அடியில் புகை மாதிரி ஒரு தடம். ஆறு மாத உழைப்பு. "என் குழாய யாரு தொட்டது?" என்று கேட்டாய். "காலையில மேச என் பொறுப்புலதான் இருந்துச்சு" என்றான் முக்கீபி. "கையுறை போட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றாய். அவன் மேசையைத் துடைக்கத் தொடங்கினான். நான் ஐஸ் வாளியோடு வாசலில் நின்றேன். சும்மா நின்றிருந்தாலாவது பரவாயில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று சொன்னேன். அந்த வாக்கியம் நான் சொன்னதுதான், நந்தோங்கோ. இதில் ஜோடனை எதுவும் இல்லை.

அந்த வருடம்தான் அவன் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு, கல்யாணத்துக்கு முந்தின அறிமுகச் சடங்குக்கு நாள் குறிக்க வந்திருந்தார்கள். உன் அத்தை துணிகூட எடுத்துவிட்டாள். நீ எடின்பரோ போனாய். அங்கே மறுபடி செய்து, இரண்டு கோடுகளும் வந்தன என்று எழுதினாய். அச்சான உன் கட்டுரையைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். அதில் முக்கீபியின் பெயர் இல்லை. இந்தப் பதினாறு வருடமும் அவன் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது மலையில் புதுக் கூடம் கட்டியிருக்கிறார்கள். தலைவர் பதவிக்கு அவன் பெயரும் இருக்கிறது. வெளியில் கருத்துக் கேட்கப்பட்டவர்களில் நீயும் ஒருத்தி. நீ அனுப்பிய பதில் ஒரே வரி என்று நாமுலி சொன்னாள். சொல்லக் கூடாதுதான், எனக்காகச் சொன்னாள், அவளை மாட்டிவிடாதே. "கையுறை போடத் தெரியாதவரிடம் கூடத்தை ஒப்படைப்பது உங்கள் விருப்பம்." அவளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

தேர்வுக் குழு டிசம்பர் மூன்றாம் தேதி கூடுகிறது. நேற்று முக்கீபியிடம் போய், நானே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் சிரித்தான். "உங்க கதைய யாரு மாமா நம்புவா?" என்றான். உண்மைதான். நான் சொன்னால் இன்னொரு ஜோடனை என்பார்கள். நீ எழுதினால்தான் செல்லும். அவன் எனக்குத் தேநீர் கொடுத்தான். அந்த வீட்டில் இன்னும் ஒரே கோப்பைதான் இருக்கிறது, நான் குடித்து முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். நாலு பக்கம், பத்துப் பக்கம் எனக்கு எழுது. நான் யாரிடமும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஒரு வார்த்தை வெட்ட மாட்டேன். ஆனால் குழுவுக்கு எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடு. கடவுள் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும். அவனுடைய கைகள் அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தன, மகளே.

உன் மாமா
புசூல்வா