கமலாசனியின் நான்கு வரிகள்

உருத்திரபுரம்
12.5.1963

இன்றும் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை; கதைக்க ஆளில்லை.

தலைமையாசிரியர் சின்னராசா பாடசாலை மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்: ஏதாவது ஒரு கவிதையின் மொழியும் மனநிலையும். எந்தக் கவிதை என்று யோசிக்கத் தேவையில்லை. என் மனைவி கமலாசனி எழுதியது ஒன்றே ஒன்றுதான். வாரப் பத்திரிகையில் வந்தது. அவள் காய்ச்சலில் போய் ஒன்பது மாதம்.

14.5

அவள் எழுதியது இவ்வளவுதான்:

சைக்கிள் வளைவில் மறைந்தது.
கதவைச் சாத்தவில்லை.
வாய்க்காலில் கால் நனைத்திருந்தேன்.
உலை மெல்லக் கொதிக்கட்டும்.

சைக்கிள் என்னுடையது. நான் பள்ளிக்குப் போகும் நேரம். திறந்த கதவு காத்திருப்பு. தண்ணீரில் அசையாத கால் ஏக்கம். மனநிலை, பிரிவுத்துயர். ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். என்னைத் தேடியிருக்கிறாள். அதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. அழுதுவிட்டேன்.

17.5

எழுதவில்லை.

19.5

கடைசி வரி இடிக்கிறது. துயரத்தில் இருப்பவள் 'கொதிக்கட்டும்' என்பாளா? அதில் 'மெல்ல' வேறு. என்ன அவசரம் என்று கேட்கிற குரல். நான் வீட்டில் நின்றால் உலையை அவள் அப்படி விட்டதில்லை — நேரம் போகுது, நேரம் போகுது என்று நான்தானே பக்கத்தில் நிற்பேன்.

ஏக்கம் என்று ஒரு சொல் அங்கே இல்லை. பாதையைப் பார்த்தேன் என்றுகூட இல்லை. அதெல்லாம் நான் போட்டது.

22.5

பக்கத்துக் காணி விமலேஸ்வரி அக்கா கீரை கொண்டுவந்தார். காலையில் கமலாசனி என்ன செய்வாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கள் போனாப்பிறகு வாய்க்கால்ல காலைப் போட்டுக்கொண்டு பாடுவா, மாஸ்டர். நான் கூப்பிட்டாலும் எழும்பமாட்டா. தனிய இருக்க அவவுக்கு நல்ல விருப்பம்."

பாடுவாளாம். ஆறு வருசம் ஒரு வீட்டிலை இருந்தனாங்கள். எனக்கு ஒருநாளும் பாடிக் காட்டேல்லை. ஏன்? நான் கேக்கேல்லையோ?

23.5

கோபம். யாரில் என்று தெரியவில்லை. மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

28.5

புதிதாக எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான். 'சொற்கள் சிறியவை, எவரையும் அழைக்காதவை. இக்கவிதையின் மனநிலை மகிழ்ச்சி.' அந்த ஒரு சொல்லை எழுத வெகுநேரம் பிடித்தது.

31.5

சின்னராசா வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். புருஷன் வெளிக்கிட்டதும் பெண்சாதிக்குச் சந்தோஷம் என்றால் சனம் ஒருமாதிரிக் கதைக்கும், கொஞ்சம் சோகம் சேர்த்தால் என்ன என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

"ஏலாது, ஐயா. அவா சந்தோஷமாய்த்தான் இருந்தவா."

கட்டுரை அப்படியே அச்சுக்குப் போகிறது.

சொந்த ஊரை விட்டு இந்தக் காட்டுக்குக் கூட்டிவந்து அவளை வாடவிட்டேன் என்று இதுவரை என்னையே நொந்துகொண்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை. சந்தோஷம் என் வீட்டில் இருந்துதான் இருக்கிறது. பின்னேரம் நான் சைக்கிளை நிறுத்தும்போது எழும்பிப் போயிருக்கிறது.